எங்கே என்று கேட்கலாகாது

அடங்காத ஆற்றை ஒரு சடைக்குள் அடக்கியவனே, உலகை எரிக்க எழுந்த நஞ்சைக் கழுத்தோடு நிறுத்திக்கொண்டவனே, ஆடுகின்ற காலின் கீழே கிடப்பவனையும் விட்டுவிடாதவனே, முதலில் உன்னைச் சொல்லிக்கொள்கிறேன். உன்னைச் சொல்லாமல் அவள் பெயரை எடுத்தால் என் நாக்கு நடுங்கும். உலகம்மை. எடுத்துவிட்டேன். உலகம்மை என் மனைவி, தாணுமூர்த்தியாகிய எனக்கு வாழ்க்கைப்பட்டவள், அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் எங்கே இருக்கிறேன் என்பதும் ஒருவாறுதான் தெரியும். இது ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கம், பந்து போடும் வளையம் என் தலைக்கு மேலே தொங்குகிறது, கடைகள் நிறைந்த மாலில் இருந்து எங்களைப் பேருந்தில் ஏற்றி இங்கே இறக்கினார்கள், தோளில் ஒரு கம்பளியைப் போர்த்தினார்கள், உட்காரச் சொன்னார்கள். எதிரே ஒரு பெரிய மரக்கதவு. அது திறந்தால் யாரோ வருகிறார்கள், நாற்காலிகளுக்கு நடுவே இருந்து ஒரு கூக்குரல் எழுகிறது, கட்டிக்கொள்கிறார்கள், கதவு மூடிக்கொள்கிறது. கருவறைத் திரையை விலக்குவதும் இழுப்பதுமாக அந்தக் கதவு என்னை ஆட்டிவைக்கிறது. அதற்குப் பக்கத்தில் சாம்பல் வண்ணம் பூசிய ஒரு சின்னக் கதவு. அதன் வழியாக எவரும் வருவதில்லை. சீருடை அணிந்த ஒருவர் குனிந்து யாருடைய காதிலோ மெல்லப் பேசுகிறார், அவர்கள் எழுந்து அவரோடு அதற்குள் போகிறார்கள். ஐயனே, பெரிய கதவு, பெரிய கதவு. நீ கைலையில் இருந்தால் என்ன, இந்தத் தாழ்ப்பாளில் இரு.

“ஐயா, அம்மா எங்க போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவவோ?” என்று கேட்டாள் சுகிர்தா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இந்த ஊரிலேயே வளர்ந்தவள், காவலர்களுக்கு மொழிபெயர்க்க வந்திருக்கிறாள், கழுத்தில் அடையாள அட்டை. அவளுக்குப் பின்னால் உயரமான அதிகாரி ஒருவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லவில்லை அம்மா. “நீங்கள் கேக்கேல்லையோ?” கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தேன், ‘எங்’ என்ற ஓசை மேல்வாயைத் தொட்டது, விழுங்கிவிட்டேன். மாலுக்குள்ளே நீரூற்றுக்குப் பக்கத்துப் பலகையில் என்னை உட்கார்த்திவிட்டு அவள் எழுந்தாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், “இங்கனயே இருங்க, அசையப்பிடாது, இந்தா வந்துருதேன்” என்றாள். வாசலில் காலெடுத்து வைப்பவரை எங்கே என்று கேட்கலாகாது. போகிற காரியம் தட்டிப்போகும். இது என் தாய் சொன்னது, அவளுக்கும் அவள் தாய் சொன்னது, கலியாணமான புதிதில் ஒருமுறை நான் கேட்டுவிட, உலகம்மை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, “எங்கன்னு கேட்டுட்டியள்லா, இனி அந்தக் காரியம் வெளங்குமா?” என்று வைதுவிட்டுப் பிறகே போனாள். அவசியமானால் ‘தூரமா’ என்று கேட்கலாம். அது குற்றமில்லை. ‘தூரமாளா?’ என்று கேட்டிருக்கலாம். இல்லை, இந்தா இருக்க இன்ன கடைக்கு என்று அவளே சொல்லியிருப்பாள். அனுமதிக்கப்பட்ட சொல் ஒன்று கையில் இருந்தும் நான் அதை எடுக்கவில்லை. ஏன்? அது ஊரில் பேசுகிற வார்த்தை, இந்தப் பளிங்குத் தரையில் எதற்கு என்று இருந்ததோ? அல்லது சோம்பலோ? சுகிர்தா எழுதுகோலை உதட்டில் வைத்துக்கொண்டு, “எங்கட அம்மாவும் அப்பிடித்தான், வெளிக்கிடேக்க கேட்டா பேச்சு விழும்” என்று லேசாகச் சிரித்து, உடனே சிரிப்பை விழுங்கி, “ஆனா இத நான் இவருக்கு எப்பிடிச் சொல்லுறது ஐயா?” என்றாள். பிறகு திரும்பி அந்த மனிதரிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாளோ, அவர் புருவம் மேலேறியது. மனைவி போகும்போது எங்கே போகிறாள் என்று கேட்பது தீது என்று நம்புகிற ஒரு நாடு இருக்கிறது என்று அவர் இன்று வீட்டுக்குப் போய்ச் சொல்வார். “என்ன நிறத்தில சாறி உடுத்தவ?” கத்திரிப்பூ நிறம். இல்லை, அரக்கு. அரக்கு நேற்று. ஐயனே, உன் இடப்பாகத்து அம்மையின் பட்டு என்ன நிறம் என்று கேட்டால் முடி முதல் அடி வரை சொல்வேன், காலையில் என் கண்ணெதிரே கொசுவம் மடித்தவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. காலில் ஓடுகிறவர்கள் போடுகிற வெள்ளைச் செருப்பு, அது தெரியும், கோமதி வாங்கிக் கொடுத்தது, “சேலைக்கும் இதுக்கும் பேய் பிடிச்ச மாரி இருக்கு” என்று அவள் சிரித்தது தெரியும். எழுதிக்கொள், அம்மா, வெள்ளைச் செருப்பு.

கோமதி எங்கள் மகள். தொலைபேசியில் அழுதாள். வழியெல்லாம் மறித்திருக்கிறார்களாம், கார் நகரவில்லையாம், “அப்பா, அம்மா உங்ககூடத்தான இருந்தா? கூடத்தான இருந்தா?” என்று அதையே கேட்டாள். கூடத்தான் இருந்தாள். பிறகு இல்லை. நடுவிலே என்ன நடந்தது என்று அந்த அதிகாரியும் கேட்டார், நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தம் வந்தது. மேல்தளத்தில் இருந்தோ, பக்கத்தில் இருந்தோ, உயரமான கூரையில் மோதி எல்லாத் திக்கிலும் இருந்தோ. முதல் சத்தம் கேட்டதும் நான் என்ன செய்தேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன், நீ அறியாததா? எழுந்து நின்றேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினேன். அதிர்வேட்டு என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, நினைப்பதற்கு முன்பே கை எழுந்துவிட்டது. பாபநாசத்திலே உச்சிக்காலத்தில் வெளியே வேட்டுப் போட்டால் உள்ளே திரை விலகுகிறது என்று பொருள். தெருவில் போகிறவன்கூட நின்ற இடத்தில் கோயில் திசை நோக்கிக் கும்பிடுவான். அந்தக் கை இது. நாள் தவறாமல் பழகிய கை, கடல் கடந்து வந்தும் காதுக்குக் கட்டுப்பட்டு எழுந்தது. கை எழுந்ததும் கண் தானே மூடிக்கொண்டது. இந்த வழக்கத்துக்காகவே உலகம்மை வாழ்நாளெல்லாம் என்னை வைதிருக்கிறாள். “அங்க தீவாராதன காட்டுதாவ, நீங்க கண்ண இறுக்க மூடிக்கிட்டு நிக்கிய. பாக்கத்தான வந்தோம்? உள்ள இருக்கவர வீட்லயே பாத்துக்கிடலாம்லா, பஸ்ஸுக்கு எதுக்குத் துட்டு?” என்பாள். நான் பெரியவனைப் போல, அகத்தே காண்பதுதான் காட்சி என்று ஏதோ சொல்லி அவள் வாயை அடைத்துவிடுவேன். அடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

ஆனால் மூடுவதற்கு முன்னால் ஒரு கணம் பார்த்தேன். பார்த்தேனா? தூண்களுக்கு இடையே ஒரு பையன், கடையில் பில் போடுகிற பையனைப் போல இருந்தான், மேலுதட்டில் வியர்வை, கையில் கறுப்பாக நீளமாக ஒன்று. அவன் என் பக்கமாகத் திரும்பினான். என் கூப்பிய கையைப் பார்த்தான். தலையை அசைத்தானோ? அசைத்தது போல இருந்தது, பூசையை ஏற்றுக்கொண்டவனைப் போல. அல்லது வியர்வையை உதறினானோ. ஏதோ கத்தினான், அதில் ‘போ’ என்பது மட்டும் எனக்கு விளங்கியது, உங்கள் ஊருக்குப் போ. அந்த வாசகம் பழக்கம்தான். போன பனிக்காலத்தில் காரில் இருந்து ஒருவன் அதையே சொல்லி ஒரு குளிர்பானத்தை எங்கள்மேல் வீசினான், கோமதி, “கண்டுக்கிடாதிய, அப்பா, நடங்க” என்றாள், நடந்தோம், உலகம்மை தலைப்பைப் பிழிந்துகொண்டே நடந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் தீபம்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை, அடுக்கு தீபம், அதன் பின்னால் உன் முகம், வெளியே வேட்டு, வேட்டு, வேட்டு, பக்கத்தில் ஏதோ சரிந்த ஓசை, நீரூற்றின் ஓசை, ஒரு குழந்தையின் ஓசை. கண் திறந்தபோது அவன் இல்லை. என்னைத் தாண்டிப் போயிருந்தான். அவன் ஏன் என்னை விட்டான்? தூக்கிய கையைக் கண்டு, சரணடைந்த கிழவன் என்று விட்டானா? அப்படியானால் என்னைக் காத்தது உன்னை வணங்கிய கையா, அவனை வணங்கிய கையா? எதிரே நின்றவன் அவன். கூப்பிய கை யாருக்கு முன்னால் எழுகிறதோ அவருக்குத்தானே அது சேரும்? எல்லா உருவிலும் நீயே என்று ஓதியிருக்கிறேன், ஓதிய வாய்க்கு இப்போது ஈரம் இல்லை. அவன் உருவிலுமா? நீ காலடியில் கிடத்தியிருக்கும் அந்த அறியாமைப் பூதம் அவன் என்றால் கால் ஏன் தூக்கியபடியே இருந்தது? தூக்கிய கால், தூக்கிய கை. எனக்குப் புரியவில்லை. அதிகாரி கேட்டார், பக்கத்தில் யார் விழுந்தார்கள், பார்த்தீர்களா. கண்ணை மூடியிருந்தேன் என்றேன். “பயத்தில மூடினீங்களோ, ஐயா?” என்றாள் சுகிர்தா. இல்லை என்றேன். “அப்ப?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் அவளே பயம் என்று மொழிபெயர்த்துவிட்டாள். அதுவே எளிது. அவர்களும் அதைத்தான் எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு பெண். தலையைச் சுற்றித் துணி, நடுத்தர வயது, எந்த நாடோ தெரியாது, மடியில் ஓர் ஆணின் தவிட்டு நிற மேல்சட்டை மடித்து வைத்திருக்கிறாள். அவளும் பெரிய கதவைத்தான் பார்க்கிறாள். எங்களுக்குள் ஒரு சொல்கூடப் பொதுவில்லை. என் வாய் உலர்ந்து நான் உதட்டை நக்குவதைப் பார்த்து, தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினாள். வாங்கி, எச்சில் படக்கூடாதே என்று அண்ணாந்து ஊற்றினேன், பாதி மோவாயிலும் மார்பிலும் வழிந்தது. அவள் பதறித் தன் துணியின் நுனியால் துடைக்கக் கை நீட்டி, அந்நிய ஆண் என்று நினைவு வந்ததோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டாள். இருவரும் சிரித்தோம். எப்படிச் சிரித்தோம் என்று தெரியவில்லை. பிறகு அவள் தன் தொலைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினாள். ஒரு மனிதர், நரைத்த மீசை, ஏதோ ஒரு கடற்கரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். விரலால் படத்தைத் தொட்டாள், என்னைத் தொடாமல் என் கண்ணைச் சுட்டினாள்: பார்த்தீர்களா? நான் தலையை அசைத்தேன். இல்லை என்று அசைத்தேன். நம் தலையசைப்பு இவர்களுக்குக் குழப்பம் என்று கோமதி சொல்வாள், அவளுக்கு அது எப்படி விளங்கியதோ, பெருமூச்சு விட்டாள், அந்தப் பெருமூச்சு நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கும் விளங்கவில்லை.

ஏன் இல்லை என்றேன்? அந்த மீசை. நீரூற்றுக்குப் பக்கத்தில் இரண்டு பலகைகள் இருந்தன, ஒன்றில் நான், அடுத்ததில் ஒரு மனிதர், பக்கத்தில் இதே தவிட்டு நிறச் சட்டையோ? இல்லை, சட்டை இவளிடம் அல்லவா இருக்கிறது. வெக்கையாக இருக்கிறது என்று கழற்றி இவளிடம் கொடுத்து அனுப்பியிருப்பாரோ, நீ போய் வாங்கி வா, நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று? உலகம்மை போன பிறகு நான் தனித்திருப்பதைக் கண்டு அவர் காகித உறையில் இருந்து ஒரு ரொட்டியை எடுத்தார், எள் தூவியது, இரண்டாகப் பிட்டார், ஒரு பாதியை என் பக்கம் நீட்டினார். நான் மார்பில் கைவைத்து வேண்டாம் என்றேன். எதில் சுட்டார்களோ, என்ன கலந்ததோ என்ற என் ஆசாரம். அவர் வற்புறுத்தவில்லை, அதே போல மார்பில் கைவைத்துத் தலை தாழ்த்தினார், அந்தப் பாதியை உறையில் வைத்துத் தன் பலகையில் என் பக்கத்து ஓரத்தில் வைத்தார், பிறகு மனம் மாறினால் எடுத்துக்கொள் என்பது போல. மீசை இருந்தது. நரைத்திருந்ததா? வேட்டு, தீபம், சரிந்த ஓசை. கண் திறந்தபோது காகித உறை தரையில் கிடந்தது, பலகை காலியாக இருந்தது, நான் கீழே பார்க்கவில்லை, யாரோ என் தோளைப் பிடித்து ஓடு என்று இழுத்தார்கள், நான் மேலேயே பார்த்துக்கொண்டு ஓடினேன். நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்வது பொய்யாகுமா? ஊரில் எத்தனை பேருக்கு மீசை இல்லை? ஐயனே, அது அவர் இல்லை. அது அவராக இருந்தால் அவள் அந்தச் சின்னக் கதவுக்குப் போக வேண்டும். விழுந்தது உலகம்மையாக இருந்தால் நான் போக வேண்டும். பெரிய கதவு எனக்கு, பெரிய கதவு எனக்கு என்று இவ்வளவு நேரமும் வேண்டிக்கொண்டிருக்கிறேனே, வேண்டிய வேண்டுதலுக்கு ஒரு முதுகு இருக்கிறது என்று இப்போதுதான் தட்டுகிறது. என்னுடையவளைக் கொடு என்கிறேன், இவளும் தன் மொழியில் அதையே முணுமுணுக்கிறாள், உதடு அசைகிறது. கொடுக்கிறவன் ஒருவன் என்றால் அவன் காதில் இரண்டும் ஒருசேர விழுமே, என்ன செய்வான்? அவளுக்கும் கொடு. சரி, அவளுக்கும் கொடு. எல்லாருக்கும் கொடு. ஆனால் அந்தச் சின்னக் கதவுக்குள் ஏற்கெனவே சிலர் போய்விட்டார்களே.

கதவு திறக்கிறது. ஓர் இளைஞன், காலில் ஒரு செருப்பு மட்டும். கூக்குரல். மூடுகிறது. திறக்கிறது. இரண்டு சிறுமிகள். மூடுகிறது. அவள் எதற்குப் போயிருப்பாள்? கழிவறைக்கா, அது மேல்தளத்தில் இருக்கிறது. சத்தம் மேல்தளத்தில்தான் முதலில். இல்லை, பக்கத்தில். காலையில் என்னோடு கோபமாக இருந்தாள், எதற்கு? நான் ஓதுகிற நேரத்தில் அவள் மிக்சியை ஓடவிட்டாள், நான் ஓதுவதை நிறுத்தி, நிறுத்தியதே கண்டிப்பு என்பது போல இருந்தேன், அவள், “சட்னி இல்லாம இட்லிய எந்தச் சாமி கேட்டாரு?” என்றாள். அந்தக் கோபத்தில் போனாளா? திறக்கிறது. ஊன்றுகோலோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர். மூடுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தெழுத்தைச் சொல்கிறேன். திறக்கிற ஓசை.

“வெந்நி ஆறிப் போச்சு.”

கண்ணைத் திறந்தேன். கத்திரிப்பூ நிறம்தான். உலகம்மை என் முன்னால் நிற்கிறாள், தோளில் யாரோ ஒரு கடைச் சிப்பந்தியின் முன்துணி, கையில் மூடி போட்ட காகிதக் குவளை. அவள் கை குவளையை விடவில்லை, விரல்கள் அதில் ஒட்டிப்போனது போல இருந்தன. “ஒங்க மாத்திரைக்கு வெந்நி கேக்கத்தான் அந்தக் காப்பிக் கடைக்குப் போனேன். ஒரு பிள்ள என்னயப் பிடிச்சு இழுத்து அய்ஸ் ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டா. நான் வெந்நியக் கொட்டிராதட்டின்னு சொல்லுதேன், அவளுக்கு எங்க வெளங்குது, வாயப் பொத்துதா. மாத்திர போட்டியளா? போட்டிருக்க மாட்டிய.” நாங்கள் நாலு பேர் பார்க்கக் கட்டிக்கொள்கிறவர்கள் இல்லை. அவள் என் நெற்றியில் கலைந்த திருநீற்றைக் கட்டைவிரலால் நேர்செய்தாள். அந்த விரல் பனிக்கட்டியாய் இருந்தது. நான் அவள் வெள்ளைச் செருப்பைப் பார்த்தேன், இரண்டும் இருந்தன. “யாரு இந்தம்மா?” என்றாள், பக்கத்து நாற்காலியைப் பார்த்து. நான் பதில் சொல்லுமுன் அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்து, மார்பில் கைவைத்து, முகமெல்லாம் மலர்ந்து, எங்களுக்காக ஏதோ ஒரு நல்ல சொல் சொன்னாள். அந்தச் சொல் முடிவதற்குள் உயரமான அதிகாரி குனிந்து அவள் காதருகே, “மரியம்?” என்றார். அவர் பின்னால் சுகிர்தா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. மரியம் எழுந்தாள். சட்டையின் மடிப்பைச் சரிசெய்தாள். சாம்பல் நிறக் கதவு திறந்தது, மூடியது.

காலியான நாற்காலியில் உலகம்மை உட்கார்ந்தாள், நான் கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளிருந்து ஓசை வந்தது. அது எந்த மொழியிலும் இல்லை, அதற்கு மொழிபெயர்க்க எவரும் வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் சேலை உரசும் ஓசை, தலைப்பை இடுப்பில் செருகும் ஓசை, நாற்காலி பின்னே நகரும் ஓசை. அவள் எழுந்துவிட்டாள். ஓர் அடி வைத்துவிட்டாள். தொண்டையில் அந்தக் கேள்வி ஏறியது, நஞ்சு நிற்கும் அதே இடத்தில் நின்றது, நிற்கட்டும் என்று விடலாம், தூரமா என்று கேட்கலாம்.

“எங்கேளா போற?”

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவள் நின்றாள். திரும்பினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காருவாள், தண்ணீர் கேட்பாள், வைவாள் என்று நான் காத்திருந்தேன். வையவில்லை.

“அந்தக் கதவுக்குத்தான். ஒத்தையில கெடந்து கத்துதா. நமக்கென்னன்னு இருக்கச் சொல்லுதியளா?”

“அங்க நம்மள விடமாட்டாங்க.”

“விடாட்டி வாசல்ல நிப்போம். கண்ண மூடுனது போதும், எந்திரிங்க.”

எழுந்தேன். கம்பளி நழுவி விழுந்தது. சுகிர்தா சாம்பல் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து அட்டையின் கயிற்றைச் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் நின்றாள். அம்மா, அந்தப் பெண்ணிடம் ஒன்று சொல்ல வேண்டும், நீ சொல்வாயா என்றேன். “என்னெண்டு ஐயா?” அவள் தேடியவர் என் பக்கத்துப் பலகையில் இருந்தார் என்று. ரொட்டியைப் பிட்டு எனக்குப் பாதி நீட்டினார் என்று. நான் வாங்கவில்லை, அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை, எனக்காக அதை எடுத்து வைத்தார் என்று. அதுவரைக்கும் நான் கண் திறந்திருந்தேன், அவர் முகத்தில் பயம் இல்லை என்று. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பார்க்காதது பயத்தால் இல்லை, என்ன காரணம் என்று எனக்கே இன்னும் புரியவில்லை, அதையும் அப்படியே சொல். சுகிர்தா கயிற்றை விட்டாள், கண்ணைத் துடைத்தாள், கதவைத் தட்டினாள். உலகம்மை என் முழங்கையைப் பற்றிக்கொண்டாள், மறுகையில் ஆறிய வெந்நீர். கதவு திறக்கத் தொடங்குகிறது. கை தானாக எழப் பார்க்கிறது, எழட்டும், கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன், ஐயனே, நீ உள்ளே எந்தக் கோலத்தில் இருந்தாலும்.

இதைக் கேட்பவர் எவராயினும், எத்திசையில் பிறந்து எத்திசையில் வாழ்பவராயினும், அவனை எப்பெயரால் அழைப்பவராயினும், அழையாதவராயினும், உங்களுக்கு நன்மை உண்டாகட்டும். நீங்கள் வாசலில் காலெடுத்து வைக்கும்போது எங்கே என்று கேட்க ஒருவர் இருக்கட்டும். கேட்டதனால் எந்தக் காரியமும் தட்டிப்போகாதிருக்கட்டும். கேட்டவருக்குப் பதில் சொல்ல நீங்கள் திரும்பி வருவீர்களாக.